ஊர்ப் பணத்தில் ஸ்டேடியம்: ஓட்டுப் போடும் முன் ஒப்பந்தத்தைப் படிப்பது எப்படி?

2024 மார்ச் கடைசியில் கேன்சஸ் சிட்டியிலிருந்து என் கல்லூரி நண்பன் கூப்பிட்டான். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய பிறகு அவன் போடப்போகும் முதல் உள்ளூர் ஓட்டு அது. "ஏன்டா, ஜனாதிபதித் தேர்தல்னா ஒரு வருஷம் டிவியில கத்துறாங்க. இதுல ஒரே ஒரு கேள்வி, ஒரு பத்தி. ரெண்டு தடவை படிச்சுட்டேன், ஒண்ணும் ஏறல. ஆமான்னு போடவா, இல்லைன்னு போடவா?"

கேள்வி இதுதான். ஜாக்சன் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) விற்கும் பொருட்கள் மீது ஒரு டாலருக்கு எட்டில் மூன்று சென்ட் வரி, 40 ஆண்டுகளுக்கு. அந்தப் பணத்தில் பேஸ்பால் அணியான ராயல்ஸுக்கு நகர மையத்தில் புது ஸ்டேடியம், அமெரிக்க ஃபுட்பால் அணியான சீஃப்ஸுக்கு ஏரோஹெட் ஸ்டேடியத்தில் மராமத்து. இதே அளவு வரியை 2006-லேயே மக்கள் ஓட்டுப் போட்டு ஏற்றிருந்தார்கள். அது 2031 வரை ஓடும். "புதுசா எதுவும் ஏத்தலையே, இருக்கறதைத்தானே நீட்டுறாங்க?" என்றான் நண்பன். விளம்பரங்களும் அதையேதான் சொல்லின.

அன்று இரவு அவனுக்குச் சொன்னதையும், அதன் பிறகு நடந்ததையும் சேர்த்து இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். அமெரிக்காவில் எந்த ஊரில் இருந்தாலும் இந்தக் கேள்வி ஒரு நாள் உங்கள் வீட்டுத் தபால்பெட்டிக்கும் வரலாம். பணத்தை நம் கணக்கில் கோடியாகவே சொல்கிறேன். அவர்கள் பில்லியன் என்பது நமக்கு 100 கோடி.

முதல் படி: மிரட்டலுக்கு எடை போடுங்கள்

எந்த ஸ்டேடியப் பேச்சும் கட்டடத்தில் தொடங்குவதில்லை. "பணம் தராவிட்டால் அணி வேறு ஊருக்குப் போய்விடும்" என்பதில்தான் தொடங்குகிறது. அணி முதலாளி அதை வாய்விட்டுச் சொல்லவே மாட்டார். பக்கத்து மாநிலத்தில் ஒரு காலி மனையைப் பார்த்துவிட்டு வந்ததாகச் செய்தி மட்டும் கசியும்.

இந்த மிரட்டல் ஏன் வேலை செய்கிறது? அமெரிக்க லீக்குகள் மூடிய சங்கங்கள். ஃபுட்பாலில் 32 அணிகள், பேஸ்பாலில் 30, கூடைப்பந்தில் 30. ஏற்கெனவே இருக்கும் முதலாளிகள் சம்மதித்தால் மட்டுமே இன்னொரு அணி பிறக்கும். இங்கிலாந்துக் கால்பந்தில் ஒரு சின்ன ஊர் தன் அணியை வளர்த்து மேல் டிவிஷனுக்குக் கொண்டுபோகலாம். இங்கே அந்த வழி கிடையாது. அணி வேண்டும் என்று தவிக்கும் ஊர்கள் அணிகளைவிட எப்போதும் அதிகமாக இருக்கும்படி லீக் பார்த்துக்கொள்கிறது. அந்தத் தட்டுப்பாடுதான் சரக்கு, ஆட்டம் அதற்கு மேல் சுற்றிய காகிதம்.

1995-இல் ராம்ஸ், ரெய்டர்ஸ் இரண்டு அணிகளும் லாஸ் ஏஞ்சல்ஸை விட்டுப் போனதிலிருந்து 2016 வரை, நாட்டின் இரண்டாவது பெரிய ஊரில் ஃபுட்பால் அணியே இல்லை. லீக்குக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. அந்த இருபது வருஷமும் எத்தனையோ ஊர் அதிகாரிகளிடம் "எல்.ஏ. காலியாத்தானே இருக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை முடிந்தது.

எனக்கு மிகவும் பிடித்த கதை சிகாகோவுடையது. ஃப்ளோரிடாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்ற ஊர், அணி எதுவும் கையில் இல்லாமலே ஒரு ஸ்டேடியத்தைக் கட்டத் தொடங்கியது. அதைக் காட்டியே சிகாகோ வைட் சாக்ஸ் அணி இல்லினாய் மாநிலத்திடம் பேரம் பேசியது. 1988 ஜூன் 30 நள்ளிரவுக்குள் சட்டம் நிறைவேற வேண்டும், தாண்டினால் கூடுதல் பெரும்பான்மை தேவை. ஓட்டு முடியும்போது பன்னிரண்டு தாண்டிவிட்டது. ஆனால் அவையின் கடிகாரத்தை நிறுத்திவைத்து, பதினொன்று ஐம்பத்தொன்பதுக்கு நிறைவேறியதாகப் பதிவு செய்தார்கள். சிகாகோவுக்குப் புது ஸ்டேடியம் கிடைத்தது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் 1990-இல் தன் கூரையடைத்த ஸ்டேடியத்தைத் திறந்தது. பேஸ்பால் அணி வர 1998 ஆனது.

ஆக, மிரட்டல் நிஜமா என்று பார்க்க மூன்றைக் கேளுங்கள். அந்த இன்னொரு ஊருக்குப் பெயர் உண்டா? அங்கே பணம் ஒதுக்கிச் சட்டம் நிறைவேறியிருக்கிறதா, அல்லது ஒரு மேயர் ஆசைப்பட்டதோடு சரியா? உங்கள் ஊரோடு அணிக்கு இருக்கும் குத்தகை இன்னும் எத்தனை வருஷம் ஓடும்?

சில மிரட்டல் வெறும் காற்று. சான் ஃப்ரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்கு வரிப்பணத்தில் ஸ்டேடியம் கட்டும் யோசனையை 1987-லிருந்து 1992 வரை அந்த வட்டார மக்கள் நான்கு தடவை ஓட்டுப் போட்டு நிராகரித்தார்கள். அணி ஃப்ளோரிடா போகும் நிலைக்கு வந்து, கடைசி நேரத்தில் கை மாறியது. புது முதலாளிகள் பெரும்பாலும் தங்கள் பணத்திலேயே கடலோரத்தில் ஒரு ஸ்டேடியம் கட்டி 2000-இல் திறந்தார்கள்.

சில மிரட்டல் நிஜம். விரிகுடாவின் எதிர்க்கரையில் ஓக்லாண்ட். 2023 ஜூன் 13 அன்று ஓக்லாண்ட் ஏ'ஸ் பேஸ்பால் அணியின் ரசிகர்கள், வழக்கமாகக் காற்றாடும் ஸ்டேடியத்துக்கு ஒரே நாளில் திரண்டு வந்து, "விற்றுவிட்டுப் போ" என்று முதலாளியைப் பார்த்துக் கத்தினார்கள். வந்தவர்கள் 27,759 பேர். அதே நாளில்தான் லாஸ் வேகஸில் அந்த அணிக்கு 38 கோடி டாலர் வரை பொதுப்பணம் தரும் மசோதா நெவாடா செனட்டில் நிறைவேறியது. நவம்பரில் லீக்கின் முதலாளிகள் அந்த இடமாற்றத்துக்கு 30-க்கு 30 கைதூக்கினார்கள். லீக் தடுக்கும் என்று மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

கேன்சஸ் சிட்டியில் அந்த இன்னொரு ஊர் தெருவுக்கு எதிர்ப்புறமே இருந்தது. ஸ்டேட் லைன் ரோடு என்று ஒரு சாலை. ஒரு பக்கம் ஜாக்சன் கவுண்டி இருக்கும் மிசௌரி, மறுபக்கம் கேன்சஸ் மாநிலம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வருகிறேன்.

இரண்டாம் படி: எந்தப் பையிலிருந்து எடுக்கிறார்கள்?

விற்பனை வரி என்றால் கணக்கு எளிது. எட்டில் மூன்று சென்ட் என்பது 0.375 சதவீதம். வருஷத்துக்கு 20,000 டாலருக்குப் பொருள் வாங்கும் குடும்பம் 75 டாலர் கட்டும். 40 வருஷத்தில் 3,000 டாலர். நண்பன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு தடவை ஊருக்குப் போற டிக்கெட் காசு" என்றான். அவனுக்கு அது தாங்கும். வாடகை வீட்டில் இருந்துகொண்டு சம்பளம் முழுவதையும் கடைகளில் செலவழிப்பவருக்குத்தான் இந்த வரி விகிதத்தில் கூடுதலாகக் கடிக்கும். மிசௌரியில் மளிகைக்கும் உள்ளூர் வரி உண்டு.

"இருக்கறதைத்தானே நீட்டுறாங்க" என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. நீட்டாவிட்டால் 2031-இல் அந்தப் பணம் உங்கள் பைக்குத் திரும்பியிருக்கும்.

"உள்ளூர்க்காரர் கட்ட வேண்டாம், வெளியூர்க்காரர் கட்டுவார்" என்று விற்கப்படுவது ஹோட்டல் அறை வரி. லாஸ் வேகஸ் 2016-இல் ரெய்டர்ஸுக்காக 75 கோடி டாலரை இந்த வழியில்தான் ஒதுக்கியது. கேட்க இலவசம் போலத் தோன்றும். ஆனால் அறை வரியைப் பள்ளிக்கூடத்துக்கும் பஸ்ஸுக்கும் கூடப் போட முடியும். ஒரு தடவை அடகு வைத்துவிட்டால் முப்பது வருஷம் தொட முடியாது. சியாட்டிலின் கிங்டோம் ஸ்டேடியத்தை 2000 மார்ச்சில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதன் கடன் 2015-இல்தான் அடைந்தது. இல்லாத கட்டடத்துக்குப் பதினைந்து வருஷம் தவணை.

ஒஹாயோவில் 2025-இல் புதுப் பை ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பழைய வங்கிக் கணக்கு, வாங்காமல் விட்ட சம்பளக் காசோலை என்று யாரும் உரிமை கோராமல் அரசிடம் கிடக்கும் மக்கள் பணம். அதிலிருந்து 60 கோடி டாலரை க்ளீவ்லாண்ட் பிரவுன்ஸ் அணியின் புது ஸ்டேடியத்துக்கு மாநில பட்ஜெட் ஒதுக்கியது. அது வழக்கு மன்றத்துக்கும் போனது.

மூன்றாம் படி: கடன் தொகையைப் பார்க்காதீர்கள், அடைக்கும் தொகையைப் பாருங்கள்

வீட்டுக்கடன் வாங்கியவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் செய்தித் தலைப்பில் வருவது எப்போதும் அசல் மட்டும்தான். மயாமி மார்லின்ஸ் அணிக்கு 2012-இல் திறந்த ஸ்டேடியத்துக்காக மயாமி-டேட் கவுண்டி பல கடன் பத்திரங்கள் வெளியிட்டது. அதில் ஒரு பகுதி சுமார் 9.1 கோடி டாலர். முதல் சில வருஷம் தவணை கட்ட வேண்டாம், பிறகு சேர்த்துக் கட்டலாம் என்று எழுதியதால், 2048 வரை அதற்குக் கட்ட வேண்டியது சுமார் 120 கோடி டாலர். நம்மூர்க் கந்துவட்டிக்காரர் கேட்டால் வெட்கப்படுவார். கவுண்டி மேயரை மக்கள் 2011-இல் 88 சதவீத ஓட்டுப் போட்டுப் பதவியிலிருந்து இறக்கினார்கள். சொத்து வரியை ஏற்றியதோடு இந்த ஸ்டேடியமும் அந்தக் கோபத்தில் இருந்தது.

கடன் பத்திரத்தில் பலருக்கும் தெரியாத ஒரு விசித்திரம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், அடுத்த படிக்கு இது தேவை. ஊராட்சிகள் வெளியிடும் பத்திரங்களின் வட்டிக்கு மத்திய அரசின் வருமான வரி கிடையாது. அதனால் வட்டி குறைவு. தனியார் தொழிலுக்கு இந்தச் சலுகை போகக்கூடாது என்று 1986-இல் வரிச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஸ்டேடியத்தின் தனியார் வருமானத்திலிருந்து கடனில் 10 சதவீதத்துக்கு மேல் அடைத்தால் சலுகை போய்விடும். நோக்கம், ஊராட்சிகள் ஸ்டேடியம் கட்டுவதை நிறுத்திக்கொள்ளும் என்பது. நடந்தது தலைகீழ். சலுகையைக் காப்பாற்றிக்கொள்ள, டிக்கெட், பார்க்கிங், ஸ்டேடியத்துக்குப் பெயர் வைக்கும் உரிமை எல்லா வருமானத்தையும் அணிக்கே விட்டுவிட்டு, கடனை ஊர் வரியிலிருந்து அடைக்க ஆரம்பித்தார்கள். 2000-க்குப் பிறகு கட்டிய 36 ஸ்டேடியங்களால் மத்தியக் கருவூலத்துக்கு 370 கோடி டாலர் இழப்பு என்று 2016-இல் புரூக்கிங்ஸ் ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. அணியின் பெயரையே கேள்விப்படாத மாநிலத்தில் இருப்பவரும் அதில் பங்கு கட்டியிருக்கிறார்.

நான்காம் படி: குத்தகையைப் படியுங்கள்

ஒரே ஒரு மாலை நேரம்தான் இருக்கிறது என்றால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை மட்டும் படியுங்கள். ஸ்டேடியத்தின் விலை ஒரு தடவை அடிக்கும் அடி. குத்தகை முப்பது வருஷம் அடிக்கும்.

வீடு வாடகைக்குக் கேட்டு ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "வீட்டை நீங்க கட்டுங்க சார். பெயின்ட், பிளம்பிங் எல்லாம் உங்க பொறுப்பு. மாடியை நான் உள்வாடகைக்கு விடுவேன், அந்தக் காசு எனக்கு. தெருவில் யாராவது புதுசா மார்பிள் போட்டா, இங்கேயும் போட்டுத் தரணும். தரலேன்னா நான் காலி பண்ணிக்குவேன்." நம் வீட்டுக்கார அம்மா யாராவது கதவைத் திறப்பாரா? ஊர்கள் திறந்தன.

மார்பிள் கதை செயின்ட் லூயிஸில் நடந்தது. ராம்ஸ் அணியை 1995-இல் இழுத்துவர, மாநிலமும் கவுண்டியும் நகரமும் சேர்ந்து வருஷம் 2.4 கோடி டாலர் கட்டி ஒரு ஸ்டேடியத்தைத் தந்தன. குத்தகையில் ஒரு வரி: 2005-லும் 2015-லும் இந்த ஸ்டேடியம் லீக்கின் முதல் கால்பங்குக்குள், அதாவது சிறந்த எட்டுக்குள் இருக்க வேண்டும். மற்ற ஊர்கள் புதிது புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கும்போது இருபது வருஷக் கட்டடம் எப்படி முதல் எட்டில் இருக்கும்? 2013-இல் மத்தியஸ்தர் குழு அணியின் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த வரியை நிறைவேற்ற சுமார் 70 கோடி டாலர் ஆகும். ஊர் மறுத்தது. குத்தகை வருஷத்துக்கு வருஷம் என்று சுருங்கியது. 2016 ஜனவரியில் முதலாளிகள் ஆதரவு 30, எதிர்ப்பு 2 என்று ஓட்டுப் போட, ராம்ஸ் லாஸ் ஏஞ்சல்ஸ் போனது.

சின்சினாட்டி இதற்கும் ஒரு படி மேலே. 1996-இல் ஹாமில்டன் கவுண்டி மக்கள் அரை சென்ட் விற்பனை வரிக்கு ஒப்புக்கொண்டார்கள். வீட்டுச் சொத்து வரி குறையும் என்று வாக்குறுதியும் கூடவே வந்தது. பெங்கால்ஸ் ஃபுட்பால் அணியின் குத்தகையில், எதிர்காலத்தில் வரப்போகும் கருவிகளையும் கவுண்டியே வாங்கித் தர வேண்டும் என்று எழுதினார்கள். அந்தப் பட்டியலில் முப்பரிமாண ஹாலோகிராம் மறு ஒளிபரப்புக் கருவியும் இருந்தது. அப்படி ஒரு கருவி உலகத்தில் எங்குமே இல்லை. கையெழுத்து மட்டும் இருந்தது. வரி வருமானம் எதிர்பார்த்தபடி வராமல் போக, கவுண்டி பொது மருத்துவமனை ஒன்றையே விற்றது.

சான் டியேகோ நகரமோ, சார்ஜர்ஸ் ஆட்டத்துக்கு 60,000 டிக்கெட் விற்கும் என்று 1990-களில் உத்தரவாதம் கொடுத்து, விற்காத டிக்கெட்டை நகரமே பணம் கொடுத்து வாங்கியது. ஓக்லாண்ட் 1995-இல் ரெய்டர்ஸைத் திரும்பக் கொண்டுவர எடுத்த கடனை, இருக்கை உரிமம் (சீசன் டிக்கெட் வாங்கும் உரிமைக்கே தனி விலை) விற்று அடைக்கலாம் என்று கணக்குப் போட்டது. விற்கவில்லை. வருஷம் சுமார் 2 கோடி டாலர் நகரத்தின் தலையிலும் கவுண்டியின் தலையிலும் விழுந்தது. 2020-இல் அணி லாஸ் வேகஸ் போன பிறகும் தவணை நிற்கவில்லை.

ஆகவே குத்தகையைக் கையில் எடுத்ததும் இவற்றைத் தேடுங்கள். கட்டுமானச் செலவு எகிறினால் யார் தலையில்? பஃபலோவில் பில்ஸ் ஃபுட்பால் அணியின் புது ஸ்டேடியத்துக்கு மாநிலமும் கவுண்டியும் 85 கோடி டாலர் என்று வரம்பு கட்டி, மேலே போவது அணியின் பாடு என்று எழுதினார்கள். செலவு உண்மையிலேயே எகிறியது, அணி கட்டியது. தாராளமாகக் கொடுத்த ஒப்பந்தம்தான், ஆனாலும் அந்த ஒரு வரி நல்ல வரி. கூரை ஒழுகினால், லிஃப்ட் பழுதானால் யார் செலவு? கட்டடம் அரசு பெயரில் இருப்பதால் சொத்து வரி போய்விடுகிறதா? கச்சேரி, மாநாடு என்று ஆட்டமில்லாத நாட்களின் வருமானம் யாருக்கு? "இணையாக", "முதல் தரத்தில்", "லீக் வழக்கப்படி" என்று ஒப்பிடும் சொற்கள் எங்கே வந்தாலும் பென்சிலால் வட்டம் போடுங்கள். செயின்ட் லூயிஸ் விழுந்தது அப்படி ஒரு சொல்லில்தான்.

ஓட்டு நடக்கும் நாளில் குத்தகையே கையெழுத்தாகவில்லை என்றால்? கேன்சஸ் சிட்டியில் அதுதான் நிலை. ராயல்ஸ் ஸ்டேடியம் எந்த இடத்தில் என்பதே ஓட்டுக்கு ஏழு வாரம் முன்னால்தான் தெரிந்தது. அந்த இடத்தைச் சுற்றியிருந்த சின்னக் கடைக்காரர்களுக்குத் தங்கள் கடை இடிபடுமா என்பது செய்தித்தாளைப் பார்த்துத்தான் தெரிய வேண்டியிருந்தது. "ஒப்பந்தம் இல்லாம காசு மட்டும் கேக்குறானா?" என்றான் நண்பன். ஆமாம்.

ஐந்தாம் படி: வளர்ச்சி அறிக்கையைத் தட்டிப் பாருங்கள்

அணியோ வணிகர் சங்கமோ பணம் கொடுத்து எழுதவைத்த பளபளப்பான அறிக்கை ஒன்று வரும். இத்தனை ஆயிரம் வேலை, இத்தனை நூறு கோடி பொருளாதாரத் தாக்கம். அதில் நான் முதலில் தேடுவது ஒரே ஒரு கழித்தல் கணக்கு. சனிக்கிழமை ஸ்டேடியத்தில் 200 டாலர் செலவழிக்கும் குடும்பம், ஸ்டேடியம் இல்லாவிட்டால் அந்தப் பணத்தை மெத்தைக்கு அடியில் வைக்காது. சினிமாவுக்கோ ஹோட்டலுக்கோ அதே ஊரில் போகும். அதைக் கழிக்காத அறிக்கை அரைக் கணக்கு. அடுத்து, வந்த பணம் ஊரில் தங்குகிறதா? டிக்கெட் காசின் பெரும்பகுதி ஆட்டக்காரர் சம்பளமாகப் போகிறது, அவர்களில் பலர் சீசன் முடிந்ததும் வேறு ஊரில் இருப்பவர்கள். மூன்றாவதாக, நாட்களை எண்ணுங்கள். பேஸ்பாலுக்கு வருஷத்துக்கு 81 உள்ளூர் ஆட்டம். ஃபுட்பாலுக்கு எட்டோ ஒன்பதோ. வருஷத்தில் ஒன்பது நாள் திறக்கும் கடையை நம்பி யாரும் பக்கத்தில் டீக்கடை போட மாட்டார்கள்.

பொருளாதார அறிஞர்கள் எதிலும் ஒத்துப்போகாதவர்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கிட்டத்தட்ட ஒரே குரல். சிகாகோ பல்கலைக்கழகத்தின் பூத் பள்ளி 2017-இல் முன்னணிப் பொருளாதார அறிஞர்களிடம் கேட்டபோது, ஸ்டேடிய மானியத்தால் ஊருக்கு வரும் பலனைவிடச் செலவே அதிகமாக இருக்கும் என்று 80 சதவீதத்துக்கு மேல் ஒப்புக்கொண்டார்கள்.

அதற்காக அணியால் ஊருக்கு ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 2015-இல் ராயல்ஸ் உலகத் தொடர் வென்றபோது ஊர்வலத்துக்கு வந்த கூட்டத்தை நண்பன் வீடியோ எடுத்து அனுப்பினான். பள்ளிக்கூடம் மூடி, மேம்பாலத்தில் காரை நிறுத்திவிட்டு ஜனம் நடந்து போனது. மதுரைச் சித்திரைத் திருவிழா பார்த்தவனுக்கு அந்தச் சந்தோஷம் அந்நியமில்லை. அதற்கு விலை கொடுக்கலாம். ஆனால் திருவிழாவுக்கு வரி கட்டுகிறோம் என்று தெரிந்து கட்ட வேண்டும். முதலீடு, வேலைவாய்ப்பு என்ற பெயரில் வாங்கக்கூடாது.

ஆறாம் படி: பதிலுக்குக் கேளுங்கள்

"வேண்டும்", "வேண்டாம்" என்று இரண்டு பக்கம்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பேரம் பேச இடம் உண்டு, பேசிய ஊர்களும் உண்டு.

அணியை விற்றால் லாபத்தில் பங்கு கேளுங்கள், ஆனால் லாபத்துக்கு விளக்கம் எழுதிக்கொண்டு கேளுங்கள். மயாமியில் விற்பனை லாபத்தில் ஐந்து சதவீதம் என்று ஒப்பந்தம் இருந்தது. 15.85 கோடி டாலருக்கு வாங்கிய அணியை 2017-இல் 120 கோடிக்கு விற்ற முதலாளி, கடன், வரி எல்லாம் கழித்துக் காட்டி, லாபமே இல்லை என்றார். வழக்குப் போட்டுக் கடைசியில் சுமார் 42 லட்சம் டாலருக்கு முடித்துக்கொண்டார்கள்.

குத்தகைக் காலம் முடியும்வரை இங்கேயே ஆட வேண்டும் என்ற நிபந்தனையை, அபராதத்தோடு நிறுத்தாமல் நீதிமன்றம் கட்டாயப்படுத்தும்படி எழுதச் சொல்லுங்கள். சியாட்டில் சூப்பர்சானிக்ஸ் கூடைப்பந்து அணியை 2006-இல் ஓக்லஹோமா குழு ஒன்று 35 கோடி டாலருக்கு வாங்கியது. குத்தகை 2010 வரை. நகரம் நீதிமன்றம் போனது. 2008 ஜூலை 2 அன்று, தீர்ப்பு வருவதற்குச் சில மணி நேரம் முன்னால், 4.5 கோடி டாலர் கொடுத்து அணி விடுபட்டுப் போனது. சானிக்ஸ் என்ற பெயரும் பச்சை-மஞ்சள் நிறமும் சியாட்டிலுக்கே என்று எழுதி வாங்கினார்கள். அதே 2006-இல் சியாட்டில் மக்கள் 74 சதவீத ஓட்டில் ஒரு சட்டமே போட்டார்கள்: அணிக்கு நகரம் பணம் போட்டால், மத்திய அரசின் கடன் பத்திரம் தரும் அளவு வருமானமாவது திரும்பி வர வேண்டும். நான் படித்த ஊராட்சிச் சட்டங்களில் இதைப் போல நேர்மையாக எழுதியது குறைவு.

க்ளீவ்லாண்ட் கதை வேறு வகை. பிரவுன்ஸ் முதலாளி ஆர்ட் மோடெல் 1995 நவம்பர் 6 அன்று அணியை பால்டிமோருக்குக் கொண்டுபோவதாக அறிவித்தார். மறுநாள்தான் ஸ்டேடிய மராமத்துக்கு மது, சிகரெட் வரியை நீட்டிக்கும் ஓட்டு. மக்கள் 72 சதவீதம் ஆமோதித்தார்கள். போகிறவரை வழியனுப்ப மாலை வாங்கிய மாதிரி ஆகிவிட்டது. அந்தக் கோபத்தில் ஒஹாயோ ஒரு சட்டம் போட்டது. வரிப்பணம் வாங்கிய அணி போவதென்றால் ஆறு மாதம் முன்னால் சொல்ல வேண்டும், உள்ளூர்க்காரர் வாங்க வாய்ப்புத் தர வேண்டும். ஊர் வாயில் அதற்கு மோடெல் சட்டம் என்றே பெயர். 2018-இல் கொலம்பஸ் க்ரூ கால்பந்து அணி டெக்சஸ் போகாமல் நின்றதற்கு அந்தச் சட்டத்தில் போட்ட வழக்கும் ஒரு காரணம். 2025-இல் அதே ஒஹாயோ, மாநிலத்தைவிட்டு வெளியேறினால் மட்டுமே செல்லும் என்று அதைச் சுருக்கியது. பிரவுன்ஸ் அப்போது நகரத்தைவிட்டுப் புறநகருக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்தது.

அணி போன பிறகும் கதவு முழுவதும் மூடுவதில்லை. இடம்பெயர்வு பற்றி லீக்கே எழுதி வைத்திருந்த விதிகளை மீறியது என்று செயின்ட் லூயிஸ் 2017-இல் வழக்குப் போட்டது. 2021 நவம்பரில் 79 கோடி டாலருக்குச் சமரசம். வக்கீல்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். மீதியும் சின்னத் தொகை இல்லை.

கிரீன் பே பேக்கர்ஸ் மாதிரி ஊர்மக்களே பங்குதாரராக இருந்தால் இந்தத் தலைவலியே இல்லையே என்று கேட்பீர்கள். அப்படி இன்னொன்று வர லீக் விதி இடம் கொடுக்காது.

ஏழாம் படி: கூட்டத்துக்குப் போங்கள்

கவுண்டிக் கூட்டத்தில் பேச ஆளுக்கு இரண்டு, மூன்று நிமிடம் தருவார்கள். முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும். ஜெர்சி போட்ட கூட்டம் முன்வரிசையை நிரப்பியிருக்கும், தயங்க வேண்டாம். உரை நிகழ்த்தாதீர்கள். ஒரே ஒரு கேள்வியைக் கேட்டு, அது நடவடிக்கைக் குறிப்பில் ஏறும்படி செய்யுங்கள். "செலவு கூடினால் யார் கட்டுவார்கள், எந்தப் பிரிவில் எழுதியிருக்கிறது?" என்பது நல்ல கேள்வி. ஒப்பந்த வரைவு இணையத்தில் இல்லை என்றால் பொது ஆவணச் சட்டத்தின்கீழ் எழுதிக் கேளுங்கள். நம்மூர்த் தகவல் உரிமைச் சட்டம் பழகியவருக்கு இது கைவந்த கலை. ஓட்டுச்சீட்டின் பத்தியை மட்டும் படிக்காமல், அதற்குப் பின்னால் இருக்கும் தீர்மானத்தின் முழு வாசகத்தையும் எடுங்கள். ஆண்டு, வரம்பு, கடன் எல்லாம் அங்கேதான் இருக்கும்.

ஏப்ரல் 2 அன்று ஜாக்சன் கவுண்டியில் 58 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். நண்பன் எப்படிப் போட்டான் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அந்த ஜூனிலேயே எதிர்ப்பக்கம் கேன்சஸ் மாநிலம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. ஸ்டேடியச் செலவில் 70 சதவீதம் வரை சிறப்புக் கடன் பத்திரம் மூலம் தரலாம். 2025 டிசம்பர் 22 அன்று அறிவிப்பு வந்தது: சீஃப்ஸ் 2031-இல் கேன்சஸுக்குப் போகிறது. 300 கோடி டாலரில் கூரையடைத்த ஸ்டேடியம், 60 சதவீதம் பொதுப்பணம். மிரட்டல் நிஜமாகத்தான் இருந்தது. "வேண்டாம்" என்று ஓட்டுப் போட்டால் இதுவும் நடக்கலாம், அதை மறைத்து வழிகாட்டி எழுத முடியாது.

அன்று மாலையே நண்பன் கூப்பிட்டான். "இந்தத் தடவை ஓட்டே இல்லையாமேடா?"

இல்லை. சட்டமன்றத் தலைவர்கள் குழு ஒன்று ஒருமனதாக முடித்துவிட்டது. புது வரியும் இல்லை. ஸ்டேடியத்தைச் சுற்றி வரைபடத்தில் ஒரு கோடு போடுவார்கள். கோட்டுக்குள் இருக்கும் கடைகளில் இன்று வசூலாகும் மாநில விற்பனை வரியை அடிப்படையாக வைத்து, இனி அதற்குமேல் கூடுவதெல்லாம் கடனுக்குப் போகும். விலைவாசி ஏறியதால் கூடினாலும் சரி, ஸ்டேடியத்துக்குச் சம்பந்தமே இல்லாத புதுக் கடை வந்ததால் கூடினாலும் சரி. இந்த வகையில் கேட்க வேண்டியவை இரண்டே: கோடு எதுவரை, அடிப்படை எந்த ஆண்டு.

"மேப் எங்க கிடைக்கும்?" என்றான். "கேன்சஸ் பக்கம் ஓவர்லாண்ட் பார்க்ல கறிவேப்பிலை வாங்குற கடை உள்ள வருதான்னு பாக்கணும்."

மளிகைக்குக் கேன்சஸ் மாநில வரி 2025 ஜனவரியோடு பூஜ்யமாகிவிட்டது, கறிவேப்பிலை தப்பித்தது என்றேன். குக்கர் வாங்கினால்தான் கணக்கு.

"குக்கர்தான் வாங்கணும்," என்றான்.